முளையிலேயே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ. அவர் மட்டும் கனடாவில் பிறந்திருந்தால் ஏதாவது ஒரு ஐஸ் ஹாக்கி அணியில் ஸ்கவுட் வேலை நிச்சயம் கிடைத்திருக்கும். (சாரணர் இயக்கத்துக்கும் இந்த ஸ்கவுட்டுக்கும் சம்பந்தமில்லை. ஊர் ஊராகக் காரோட்டிக்கொண்டு போய், குளிரில் விறைத்தபடி அரங்குகளில் உட்கார்ந்து, சின்னப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பதுதான் இவர் வேலை.)

விஷயம் இதுதான். மேற்குக் கனடாவின் பெரிய ஜூனியர் லீக்கின் பெயர் டபிள்யூ.எச்.எல். 14, 15 வயதுப் பையன்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் சடங்கு ஒன்று அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. இதற்குப் பெயர் டிராஃப்ட். ஒன்டாரியோவின் ஓ.எச்.எல். கொஞ்சம் பெரிய மனது பண்ணி, 15, 16 வயதில் இதைச் செய்கிறது. உனக்கு எந்த ஊர் அணி பிடிக்கும் தம்பி என்று பையனை யாரும் கேட்பதில்லை. எடுத்த அணி எந்த ஊரோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பல நூறு கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போய், இரவில் பேருந்தில் தூங்கி ஆட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று ஆண்டு கழித்து, 18 வயதில், என்.எச்.எல். என்ற பெரிய லீக்கின் டிராஃப்ட். வடிகட்டிக்குக் கீழே இன்னொரு வடிகட்டி.

இதில் அந்த முதல் வடிகட்டியை, 14, 15 வயதில் வைப்பதை, எடுத்தே ஆகவேண்டும். வீட்டைவிட்டுப் பிரிக்கிறார்கள் என்பது மட்டும் காரணமில்லை. அந்த வயதில் ஸ்கவுட்டுகள் அளப்பது திறமையே இல்லை. பையன் எந்த மாதம் பிறந்தான் என்பதை அளந்து, அதைத் திறமை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏதோ கோபத்தில் வரும் வார்த்தை இல்லை. 1980களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் குடும்பத்தோடு ஜூனியர் ஹாக்கி பார்க்கப் போனார். அவர் மனைவி பவுலா, வாசலில் கொடுத்த நிகழ்ச்சிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்துவிட்டுத் திகைத்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்... திரும்பத் திரும்ப அதே மாதங்கள். வீட்டுக்கு வந்து மற்ற அணிகளையும் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. 1985-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2008-ல் மால்கம் கிளாட்வெல் 'அவுட்லையர்ஸ்' புத்தகத்தில் எழுதிய பிறகு உலகத்துக்கே தெரிந்தது. எந்த உயர்மட்ட அணியை எடுத்தாலும் சுமாராக 40 சதவீதம் பேர் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள், 30 சதவீதம் அடுத்த மூன்று மாதம், அப்புறம் 20, கடைசியில் 10.

ஜோதிடம் ஒன்றும் இல்லை. கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஜனவரி 2-ல் பிறந்தவனும் டிசம்பர் 30-ல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடவேண்டும். ஒன்பது பத்து வயதில் ஒரு வருட வித்தியாசம் என்றால் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட காலத்து வாத்தியாருக்கே இது தெரிந்திருந்தது! அவராவது உடம்பை அளந்து வயதைக் கண்டுபிடித்தார். இவர்கள் உடம்பை அளந்து மேதையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. பெரிய உடம்புக்காரனை நல்ல அணியில் போடுகிறார்கள். நல்ல அணி என்றால் நல்ல பயிற்சியாளர், கூடுதல் பனித்தள நேரம், கூடுதல் ஆட்டங்கள். ஐந்து வருடம் இப்படி ஓடினால் அவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். உடனே ஸ்கவுட் மார்தட்டிக்கொள்கிறார், பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னேனே என்று. ஒரு செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது மட்டும் வளர்ந்ததைப் பார்த்து ஆச்சரியப்படுகிற கதை.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: அதெல்லாம் சின்ன வயதில்தான் சார், 18 வயதில் எல்லாரும் வளர்ந்துவிடுகிறார்கள், என்.எச்.எல். ஸ்கவுட்டுகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்கள், அங்கே இந்தக் கோளாறு சரியாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராபர்ட் டீனரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1980 முதல் 2006 வரையிலான என்.எச்.எல். டிராஃப்டுகளை எடுத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. ஆண்டின் பிற்பாதியில் பிறந்த ஆட்டக்காரர்கள், பின்னாளில் அவர்கள் ஆடிக்காட்டிய ஆட்டத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைவிட 40 இடத்துக்கும் மேல் பின்தள்ளித்தான் எடுக்கப்பட்டிருந்தார்கள். 400 ஆட்டம் ஆடுவது, 200 புள்ளி எடுப்பது போன்ற மைல்கற்களை எட்டும் வாய்ப்பு, முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு, முழுநேரமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், 18 வயதிலும், 27 வருடம் தொடர்ந்து, ஒரே பக்கமாகத் தப்புப் பண்ணியிருக்கிறார்கள்.

ஒரே பக்கமாக என்பதுதான் கவனிக்கவேண்டியது. தப்புக் கணக்கு யாருக்கும் வரும். 2000-ம் ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்ட கோல்காப்பாளர் ரிக் டிபியட்ரோ. அதே டிராஃப்டில் 205-வது ஆளாகப் போன கோல்காப்பாளர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவருடைய இரட்டைச் சகோதரர் யோயெலை 68-வது இடத்திலேயே எடுத்துவிட்டார்கள் (இங்கே பிறந்த மாதத்தைக் குறைசொல்ல முடியாது :-) ). பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் போனது ஹென்ரிக். பாவெல் டட்ஸ்யூக் 1998-ல் 171-வது, ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999-ல் 210-வது. டட்ஸ்யூக்கைக் கண்டுபிடித்த டெட்ராய்ட் அணியின் ஸ்கவுட் ஹோகான் ஆண்டர்சன், ரஷ்யாவுக்குப் போனதே வேறொரு பையனைப் பார்க்கத்தான். மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் டிராஃப்டில் தொடவே இல்லை. ஐந்தடி எட்டு அங்குலம்தான், குள்ளம், தேறமாட்டான். 2004-ல் அதிகப் புள்ளி எடுத்தவர், லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர், கோப்பை வென்ற அணியின் நட்சத்திரம் எல்லாமே அந்தக் குள்ளர்தான்.

மனிதர்களின் எதிர்காலத்தைச் சொல்வது கஷ்டம் என்று இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பிறந்த மாதத்து விஷயம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. எந்தத் திசையில் தப்பு நடக்கிறது என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை என்றால் அதற்குக் கஷ்டம் என்று பெயரில்லை, அலட்சியம் என்று பெயர்.

18 வயதில் இந்த லட்சணம் என்றால் 14-ல்? அந்த வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், அடுத்தவனுக்குக் குரலே உடைந்திருக்காது.

கனடா ஹாக்கிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'அபூர்வத் தகுதி' என்று ஒன்று உண்டு. பெரிய ஜூனியர் லீக்கில் முழுநேரம் ஆட 16 வயது ஆகவேண்டும். இவன் சாதாரணப் பையன் இல்லை, பிறவி மேதை என்று குழு அமைத்து ஆராய்ந்து, ஒரு வருடம் முன்னதாகவே உள்ளே விடுவதுதான் இந்தத் தகுதி. ஆட்டத்தை மட்டுமல்ல, படிப்பு, பக்குவம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள். 2005 முதல் 2022 வரை இதைப் பெற்றவர்கள் எட்டுப் பேர்: ஜான் டவாரஸ், ஏரன் எக்பிளாட், கானர் மெக்டேவிட், ஷான் டே, ஜோ வெலெனோ, ஷேன் ரைட், கானர் பெடார்ட், மைக்கேல் மிசா. டவாரஸ் செப்டம்பரில் பிறந்தவர், பெடார்ட் ஜூலையில். மீதி ஆறு பேர்? நான்கு பேர் ஜனவரி, இரண்டு பேர் பிப்ரவரி! கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் பேரைப் பொறுக்கினால் அந்த இரண்டு மாதத்தில் ஒருவரோ இருவரோதான் வரவேண்டும். மேதைகள் எல்லாம் பொங்கல் சீசனில்தான் பிறப்பார்கள் போலிருக்கிறது.

மெக்டேவிட் மேதை இல்லை என்று யார் சொன்னார்கள்? அவரைக் கண்டுபிடிக்க ஸ்கவுட்டே தேவையில்லை, அரங்கத்தில் சுண்டல் விற்கிறவரே சொல்லிவிடுவார். ஆனால் அதே முத்திரையை வாங்கிய ஷான் டே, 2016 என்.எச்.எல். டிராஃப்டில் 81-வது ஆளாகப் போனார். அவர் அந்த லீக்கில் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பையன்மேல் என்ன தப்பு? 15 வயதில் நெற்றியில் மேதை என்று ஒட்டியது பெரியவர்கள். அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று உதட்டைப் பிதுக்கியதும் அதே பெரியவர்கள்.

அளக்கிற ஆசை இவர்களை விடவே விடாது. 18 வயதுக்காரர்களை ஒரே இடத்தில் வரவழைத்து, சைக்கிள் மிதிக்கவைத்து, குதிக்கவைத்து, கம்பியில் தொங்கவைத்து எண்ணிப் பார்க்கும் சோதனை முகாம் ஒன்றும் ஆண்டுதோறும் உண்டு. 2014 முகாமில் சாம் பென்னெட் என்ற பையனால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. பத்திரிகைகளில் எல்லாம் அதே பேச்சு. அந்த ஆண்டு அவர் நாலாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கேலி வருடக்கணக்கில் தொடர்ந்தது. 2025-ல் ஃபுளோரிடா அணி கோப்பை வென்றபோது, இறுதிச் சுற்றுகளின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதை வாங்கியவர் இதே பென்னெட். ஹாக்கியில் பக்கைத் துரத்த வேண்டுமே தவிர கம்பியில் தொங்கவேண்டியதில்லை என்பது ஸ்கவுட்டுகளுக்கு எப்போது உறைக்குமோ.

சரி, என்.எச்.எல். டிராஃப்ட் வயதையும் 20-க்கு ஏற்றிவிடலாமா? முன்பு ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1970களில் டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீக் வந்து இளைஞர்களை வளைத்துப்போட ஆரம்பித்தது. 1977-ல் கென் லின்ஸ்மன் என்ற ஆட்டக்காரர், என் வயதைக் காட்டி வேலை தரமாட்டேன் என்பது சட்டவிரோதம் என்று அந்த லீக்மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார். 1979-லும் 1980-லும் என்.எச்.எல்.லும் வயதைக் குறைத்து 18-க்கு வந்தது. ஆகவே 18 என்பது ஆராய்ந்து வைத்த வயது இல்லை, வியாபாரமும் வழக்கும் சேர்ந்து வைத்த வயது. ஆனாலும் லின்ஸ்மன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 18 வயதுக்காரன் வளர்ந்த மனிதன், அவனுக்குச் சம்பளம் கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்ல உரிமையும் இருக்கிறது.

14 வயதுக்காரனுக்கு இதில் எது பொருந்தும்? சம்பளமா? ஜூனியரில் கொடுப்பது கைச்செலவுக் காசு. அதை எதிர்த்து 2014-லேயே ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். உரிமையா? இந்த ஜூனியர் லீக்குகளில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு அடைபட்டுவிடும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2025 ஆகஸ்டில்தான் அது போனது. அதுவரை, மீசை முளைக்காத பையன்கள் எடுத்த ஒரு முடிவு அவர்கள் கல்லூரி வாய்ப்பையே தீர்மானித்தது. வயதுவந்தவர்களின் சந்தை விதிகளைக் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு, வயதுவந்தவர்களின் உரிமையை மட்டும் கழித்துக்கொண்டார்கள்.

தடைகளைத் தாண்டித்தானே பிற்பாதிப் பையன்கள் உறுதியானவர்கள் ஆகிறார்கள், அந்த ஆய்வே அதைத்தானே காட்டுகிறது என்று சிலர் இதற்கும் ஒரு தத்துவம் சொல்கிறார்கள். அந்த ஆய்வில் இருப்பவர்கள் தாண்டி வந்தவர்கள். பத்து வயதில் இரண்டாம் தர அணியில் போடப்பட்டு, பன்னிரண்டில் வெறுத்துப்போய், பதின்மூன்றில் ஸ்கேட்டைத் தூக்கிப் பரணில் போட்டவன் எந்த அட்டவணையிலும் இல்லை. அவனைக் கேட்டுவிட்டு இந்தத் தத்துவத்தைச் சொல்லட்டும்.

செய்யமுடியாத காரியம் எதையும் யாரும் கேட்கவில்லை. ஜூனியர் டிராஃப்டை 17-க்குத் தள்ளலாம். அதுவரை பையன்கள் சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஆடட்டும். வயதுக் கணக்கின் தொடக்க மாதத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றினால் எப்போதும் ஒரே மாதக்காரர்கள் அடிவாங்க மாட்டார்கள். பெல்ஜியம் கால்பந்தில் தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தனியாகத் தேசிய அணி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தால் முடிகிறது, ஹாக்கிதான் எங்கள் உயிர் என்று சொல்லும் கனடாவால் முடியாதா?

அணிகள் ஒத்துக்கொள்ளாது, அது தெரிந்ததுதான். 14 வயதில் பெயரை எழுதிவைத்துக்கொண்டால், பையனை வேறு அணி கொத்திக்கொண்டு போகாது. தேறினால் லாபம், தேறாவிட்டால் அடுத்த வருடம் இன்னொரு மூட்டை வரும். நஷ்டப்படுகிறவன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் நஷ்டக் கணக்கே எழுதப்படுவதில்லை.

இத்தனைக்கும் ஸ்கவுட்டுகள் கையில் இருக்கும் பட்டியலில் உயரத்துக்கும் எடைக்கும் பக்கத்திலேயே பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. லெத்பிரிட்ஜில் பவுலா பார்ன்ஸ்லி பார்த்ததும் அதே கட்டத்தைத்தான்.