ஒரு நாளைக்கு 300 மைல்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் கேரவன் வண்டியே வீடாகிவிட்டவர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ‘மூன்று, மூன்று, மூன்று’. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. மாலை 3 மணிக்குள் நிறுத்திவிடு. நிறுத்திய இடத்தில் 3 இரவாவது தங்கு. பேருந்து நீளத்துக்கு ஒரு வண்டி, அதன் பின்னால் கட்டி இழுக்கும் கார், இரண்டையும் ஓட்டிப்போகிற 65 வயதுக்காரருக்கு இது நல்ல புத்திமதிதான். அவர் அரிசோனா பாலைவனத்தில் இருக்கும்போது, மிச்சிகனில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்று போன் வந்தால்தான் கணக்கு உதைக்கும். இடையில் 2,000 மைலுக்கு மேல். தங்கல் எதுவும் இல்லாமல், நாளுக்கு 300 மைல் என்று ஓட்டினாலும் ஒரு வாரம் ஆகும்.

சாவு என்றால், நம் ஊர்போல் அங்கே மறுநாளே எடுத்துவிடுவதில்லை. வெளியூரில் இருப்பவர்கள் வந்து சேரட்டும் என்று நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடக் காத்திருப்பார்கள். அப்படியும் சாவுக்கு வீட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது. விமானம்தான்.

நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அங்கே அதில் குடியிருப்பவர்களில் பல தினுசு உண்டு. பிள்ளைகளை வளர்த்து முடித்து, வீட்டை விற்றுவிட்டு நாட்டைச் சுற்றக் கிளம்பிய தம்பதிகள். வாடகை கட்டுப்படியாகாமல் வேனுக்குள் குடி போனவர்கள். இரண்டாம் வகையினரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய புத்தகம்தான் ‘நோமேட்லேண்ட்’. குளோயி சாவ் இயக்கிய அதன் திரைவடிவம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. படத்தைப் பார்த்தவர்கள் பாலைவனத்து அந்தி வெளிச்சத்தைத்தான் சிலாகிப்பார்கள். ஆனால் வண்டி பழுதாகி, பணம் கேட்டு நாயகி தன் சகோதரி வீட்டு வாசலில் போய் நிற்கிற காட்சி அதைவிடக் கனமானது. தெருவில் திரிகிறவரும் வீட்டில் இருக்கிறவரும் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற வழக்கு அந்த வீட்டில்தான் நடக்கிறது.

குளிர்காலத்தில் இந்தக் கூட்டம் திரளும் இடங்களில் பெரியது அரிசோனாவின் குவார்ட்ஸைட். ஊருக்கு வெளியே மத்திய அரசின் தரிசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். அக்கம்பக்கத்து இலவச நிலங்களில் 14 நாள்தான். பிறகு இடம் மாற வேண்டும். பெரிய விமான நிலையத்துக்குப் போக ஃபீனிக்ஸ்வரை இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். செல்போன் சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காத இடங்கள் பாலைவனத்தில் ஏராளம். 2022-இல் ஆர்.வி.களுக்கென்று ஸ்டார்லிங்க் இணைப்பு வந்த பிறகு, பணம் கட்ட முடிந்தவர்களுக்குச் செய்தியாவது உடனே வந்துவிடுகிறது. செய்தி வந்ததும் கிளம்ப முடிகிறதா என்பது வேறு விஷயம்.

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல் இதில் ஓட முடியாது. எரிவாயு வால்வை மூட வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்து அலச வேண்டும். வெயிலில் பத்து நாள் அப்படியே கிடந்தால் திரும்பி வந்து கதவைத் திறக்க முடியாது. ஃபிரிட்ஜில் இருப்பதை யாருக்காவது கொடுத்து, உள்ளே துடைத்து, கதவில் ஒரு துண்டைச் செருகித் திறந்தபடி வைக்க வேண்டும், பூஞ்சை பிடிக்காமல். பாலைவனத்துக் காட்டெலிக்கு எஞ்சின் ஒயர் என்றால் கொள்ளைப் பிரியம், அதற்கும் ஏதாவது வழி பார்க்க வேண்டும். நாயை விடுவதற்கு ஆள் தேட வேண்டும். பிறகு வண்டியை வாடகைக்கு நிறுத்த ஒரு கொட்டடி பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் இதையெல்லாம் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருப்பார்கள். அழுதுகொண்டிருக்கும்போது எது மறந்தது என்று யோசிக்க வேண்டாமே.

நல்ல காரியங்களின் தொல்லை வேறு மாதிரி. பத்திரிகை எந்த முகவரிக்கு வரும்? முழுநேர ஆர்.வி.க்காரர்கள் டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோடா ஆகிய மூன்றில் ஒன்றைச் சொந்த மாநிலமாகக் காட்டிக்கொள்வது வழக்கம். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. தெற்கு டகோடாவில் ஒரே ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமம் வாங்கிவிடலாம். டெக்சஸின் லிவிங்ஸ்டன் ஊரில் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கம் இருக்கிறது. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் 1978-இல் தொடங்கியது. பல்லாயிரம் பேரின் தபால் அங்கே வந்து, அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே மூட்டையாகப் போகிறது. கல்யாணப் பத்திரிகையும் அந்த மூட்டையில்தான்.

ஜூன் மாதக் கல்யாணத்துக்கு ஜூன் மாதம் தெரிந்தால் பிரயோசனமில்லை. தேசியப் பூங்காக்கள் பலவற்றில் முகாம் இடங்களை ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்கிறார்கள், நல்ல இடமெல்லாம் சில நிமிடங்களில் போய்விடுகிறது. அதனால் டிசம்பர் வாக்கிலேயே பிள்ளைகளுக்குப் போன் போட்டு, “வருகிற வருஷம் என்னென்ன விசேஷம்?” என்று கேட்டுவிடுகிற அம்மாக்கள் உண்டு. பிள்ளைகளுக்கு இது எரிச்சல். அம்மாக்கள் பக்கம்தான் நியாயம்.

சரி, வண்டியோடு போய் மகள் வீட்டிலேயே நிறுத்திவிட்டால்? காசு மிச்சம், பேரக்குழந்தைகளும் பக்கத்தில். ஆனால் வண்டி கேட்பது 50 ஆம்பியர் மின்சாரம், கார் ஷெட்டில் இருப்பது 15 ஆம்பியர் பிளக். அடாப்டர் மாட்டி ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் வீட்டு ஃபியூஸ் போகும். குளித்த தண்ணீர் சேரும் தொட்டி நாலைந்து நாளில் நிரம்பும். பக்கச் சுவரை வெளியே தள்ளி அறையை அகலப்படுத்தினால் அது அடுத்த வீட்டுக்காரரின் வேலியைத் தொடும். குடியிருப்போர் சங்கத்திடமிருந்து கடிதம் வரும். புறநகர்ச் சங்கங்கள் பலவற்றுக்கு வாசலில் நிற்கும் ஆர்.வி.யைக் கண்டால் ஆகாது. தெருவில் நிறுத்தலாம் என்றால், 72 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நகரங்கள் பல.

இத்தனை இருந்தும், ஓடிப்போவதற்கு உதவாத இந்த வண்டி, போய்ச் சேர்ந்த பின் தங்குவதற்கு உதவுகிறது. அப்பாவுக்குக் கீமோதெரபி மூன்று மாதம் என்றால், விமானத்தில் வந்த மகன் பத்தாம் நாள் திரும்பியாக வேண்டும். வண்டியோடு வந்தவருக்கு மருத்துவமனைக்கு அருகில் ஒரு முகாம் இடம் கிடைத்தால் போதும். தன் கட்டில், தன் அடுப்பு, யார் வீட்டு சோபாவிலும் படுக்க வேண்டாம். ஆர்.வி. வாழ்க்கையைக் குடும்பத்துக்கு எதிரானது என்று திட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

இதன் உச்சம் நோர்மா பவர்ஷ்மிட். மிச்சிகனைச் சேர்ந்தவர், அப்போது வயது 90. 2015 ஜூலையில் கணவர் லியோ இறந்த அதே நாட்களில் இவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மகன் டிம், மருமகள் ரேமி இருவரும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். சிகிச்சை வேண்டாம், உங்களோடு வருகிறேன் என்றுவிட்டார் நோர்மா. சக்கர நாற்காலிக்குத் தோதான பெரிய வண்டி வாங்கினார்கள். ஏறக்குறைய 13,000 மைல், 32 மாநிலங்கள். ரஷ்மோர் மலை, கிராண்ட் கேன்யன், வெப்பக் காற்று பலூன் எல்லாம் பார்த்து முடித்து, 2016 செப்டம்பர் 30 அன்று வாஷிங்டன் மாநிலத்து ஃப்ரைடே ஹார்பரில் இறந்தார். முடியாமல் போனபோது வண்டியை அங்கேயே நிறுத்தி, ஹாஸ்பிஸ் எனப்படும் அந்திமகாலப் பராமரிப்பு உதவியோடு பார்த்துக்கொண்டார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. எல்லோருக்கும் வாய்க்காது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்கு வழியெங்கும் மையங்களில் முன்பதிவு வேண்டும். நினைவு தப்பும் அம்மாவைத் தினம் ஒரு புது ஊரில் எழுப்புவது கொடுமை. அப்படிப்பட்டவர்களை யார் பார்க்கிறார்கள்? பத்து நிமிடத் தொலைவில் குடியிருக்கும் இன்னொரு பிள்ளை, பெரும்பாலும் மகள். அண்ணன் யூட்டாவின் செம்பாறைகளைப் படம் எடுத்து அனுப்பும்போது அவள் மருந்துக்கடை வரிசையில் நிற்கிறாள். அதே குடும்பம் அண்ணனைப் பார்த்து, “உனக்கென்ன, வீட்டோடு கிளம்பி வந்துவிடலாமே” என்றும் சொல்லும். அவரும் வண்டிக்குள்ளிருந்து கணினியில் வேலை பார்த்துச் சம்பாதிப்பவராக இருக்கலாம். குளிர்காலம் முழுக்க அண்ணன் வந்து நின்றுகொண்டு, தங்கையை எங்காவது போய்வா என்று அனுப்புவது நியாயமான ஏற்பாடு. அதற்கு அவர் குவார்ட்ஸைட் வெயிலை ஒரு வருஷமாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஓட்டுகிறவருக்கே வயதாகிக் கை நடுங்கினால்? லிவிங்ஸ்டன் சங்கம் அதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. ‘கேர்’ என்ற அந்த மையத்தில் தங்கள் ஆர்.வி.யையே நிறுத்திக் குடியிருக்கலாம். மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைத்தல், டாக்டரிடம் கூட்டிப்போதல் எல்லாம் உண்டு. கூடமாட உதவுவதற்குத் தொண்டர்கள் வருகிறார்கள். அவர்களும் தங்கள் வண்டியோடு வந்து, சில வாரம் இருந்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள்தான்.