வானத்தையும் ஓதுவோம்

திருக்குர்ஆனின் வசனத்தைக் குறிக்கும் சொல் 'ஆயத்'. இரவும் பகலும் மாறி வருவது, மழை பெய்து வறண்ட மண் உயிர்பெறுவது போன்ற படைப்பின் அத்தாட்சிகளுக்கும் அவ்வேதம் அதே சொல்லையே வழங்குகிறது. முதற்பொருளை நம் மத்ரஸாக்களில் பிழையறக் கற்பிக்கிறோம். இரண்டாவதை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டோம் என்பதே நம் கவலை.

நஹ்ல், நம்ல், அன்கபூத் என்று அத்தியாயப் பெயர்களைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். தேனீ, எறும்பு, சிலந்தி என்று பொருளும் சொல்வார்கள். ஆனால் சுவரோரம் ஊரும் எறும்புச் சாரியை ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? பார்க்கத்தான் விடுகிறோமா? மருந்துக்கோடு ஒன்றை இழுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

தொழுகை நேரங்களையே எடுத்துக்கொள்வோம். ஐவேளையும் சூரியனோடு பிணைக்கப்பட்டவை. கீழ்வானில் வெளிச்சம் கிடையாகப் பரவினால் சுப்ஹு. சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு கோலின் நிழல் அதன் நீளத்தை எட்டியதும் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். இருமடங்கானதும் ஹனஃபி மத்ஹபில் அஸர். சூரியன் மறைந்தால் மஃரிப், அந்தியொளி அகன்றால் இஷா. இன்று பள்ளிவாசல் சுவரிலுள்ள அட்டவணையும் கைப்பேசியும் இவற்றைக் கணக்கிட்டுத் தந்துவிடுகின்றன. அட்டவணை தவறன்று, மேகமூட்டமான நாளில் அது பேருதவி. ஆயினும் அந்தக் கணக்குக்கு மூலமான நிழலை ஒருநாளும் பாராமலே ஆயுள் முழுதும் அஸர் தொழுகிறோம். சுப்ஹு முடிந்ததும், யாரோ எடுத்த உதயப் படத்தை யாரோ எழுதிய வாசகத்தோடு நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். அதே வேளையில் நம் மொட்டைமாடிக்கு மேல் அசல் உதயம் பார்ப்பாரின்றி நடந்து முடிகிறது.

நம் முன்னோரில் வேறு விதமாக வாழ்ந்தோர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் 5000க்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். அதில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் செழித்த நாடாக வருணித்தார். பாலைவனத்தில் ஏது நெல்வயல் என்று நகைப்போர் இருக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தாம் அறிந்த தமிழ் மண்ணின் வளத்தையெல்லாம் நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த மண்ணுக்குக் காணிக்கையாக்கினார் புலவர். வயலை உற்றுப் பாராத ஒருவரால் அதைச் செய்திருக்க இயலாது.

நாம் கேட்பது காப்பியமன்று. வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். விடுமுறை நாளில் மாடியில் ஒரு கோலை நட்டு, நிழல் நீளும் அளவைப் பிள்ளைகள் குறிக்கட்டும். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் ஒரு நண்பகலில் நிழலே இராது. அதையும் தேடிப் பார்க்கட்டும். முருங்கை பூத்த நாள், முதல் மழையின் மணம், தும்பி தாழப் பறந்த மாலை என உம்மா ஒரு வரி, பிள்ளை ஒரு வரி எழுதலாம். அழகுச் சொற்கள் வேண்டா, கண்டது போதும். 29ஆம் நாள் மாலை மேல்வானைப் பார்த்து, பிறை தென்பட்டதா இல்லையா என்றும் எழுதிவைக்கலாம். (பிறைத் தர்க்கத்துக்குள் நாம் நுழையவில்லை.)

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அங்கே பிறை ஒருநாள் முன்னதாகவே தெரிந்திருந்தால், ஏன் என்று பிள்ளை கேட்கும். விடை சொல்ல வாப்பாவும் அன்று மாலை அறையைவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்க நேரிடும்.