உள்ளம் ஒப்பாத உடன்படிக்கை

வணிகத்திற்கு முதலாவது முதல் நம்பகம். முன்பின் அறியாத இருவர் கொண்டும் கொடுத்தும் வாழவேண்டுமாயின், ஒருவர் சொல்லை மற்றவர் நம்புதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். அப்பிடிப்பே உடன்படிக்கை. அது மீறப்பட்டால் முறையிடுதற்கு ஒரு மன்றமும், மன்றம் நடத்தற்கு ஒரு சட்டமும், தீர்ப்பைச் செயற்படுத்துதற்கு ஓர் அரசும் வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடத்தில், கையில் காசு வைத்திருப்போன் கண்முன் இருக்கும் பண்டத்தை வாங்கலாமேயன்றி, நாளைய வரவை நம்பி இன்று ஒரு காசும் ஈடுபடுத்த இயலாது.

இற்றை நாளில் இவ்வுடன்படிக்கை ஓலையினின்றும் தாளினின்றும் நீங்கிக் கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. கடன் வாங்குவோன், காப்பீடு எடுப்போன், செயலியில் பதிந்துகொண்டு வண்டி ஓட்டுவோன், தான் நெய்த துணியை இணையவழி விற்போன் ஆகிய அனைவரும் நாளும் உடன்படிக்கை செய்துகொண்டே இருக்கின்றனர். 'ஒப்புகிறேன்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஒன்று திரையில் தோன்றும், விரல் அதனைத் தொடும், அவ்வளவே. வட்டி, தண்டம், வழக்கிடும் ஊர், கணக்கை முடக்கும் உரிமை ஆகிய அனைத்தும் அத்தொடுகையின் பின்னே விரிந்து கிடக்கும் ஆங்கிலப் பக்கங்களுக்குள் அடங்கியிருப்பது தொட்டவர்க்குத் தெரியாது.

ஒப்பியது விரல். உள்ளமும் ஒப்பியதா? இவ்வொரு வினாவே இங்கு ஆராயத் தக்கது.

'உடன்படிக்கை' என்னும் சொல் உடன்படுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. 'கையொப்பம்' என்பதோ, உள்ளம் ஒப்பியதைக் கை காட்டிய அடையாளம். ஒப்புதல் முதல், ஒப்பம் அதன் வழிவந்தது. உள்ளம் ஒப்பாதபோது இட்ட ஒப்பம் வெறுங்கோடே.

ஆவணம் எப்படி ஆராயப்பட வேண்டும் என்பதைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கு ஒன்றால் காட்டியுள்ளார். புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தலில் அடிமை ஓலை நீட்டிய முதியவரிடமிருந்து ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை வேறாக இருந்தது. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் முதியவரின் சொல்லை நம்பி உடனே தீர்ப்பளித்துவிடவில்லை. ஓலையை அவையில் படிக்கச் செய்தனர். சான்றொப்பமிட்டோர் எழுத்தைப் பார்த்தனர். ஆரூரரின் பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்தனர். அதன் பின்னரே முடிவு கூறினர். மூலமும் படியும், காப்பும், சான்றும், ஒப்பீடும், அவையும் ஆகிய அனைத்தும் அக்கதையில் உள்ளன. அவ்வோலையின் மொழி வழக்காடிய இருவர்க்கும் விளங்கிய மொழி என்பதையும் மறத்தலாகாது.

எழுத்தறியாதார்க்கும் நம் நாட்டில் ஒரு காப்பு இருந்தது. கைந்நாட்டு வைப்பவர்க்கு ஆவணத்தைப் படித்துக் காட்டிய பின்னரே அவர்தம் பெருவிரலை மையில் தோய்ப்பது ஆவண எழுத்தர் வழக்கம். எழுத்தறியாதாரிடம் பெற்ற ஆவணத்தைக் காட்டி வழக்காடுவோர், அதன் பொருளை அவர்க்கு விளக்கியதை மெய்ப்பிக்க வேண்டும் என்று அறமன்றங்களும் கூறிவந்துள்ளன. இன்றோ, பட்டம் பெற்றவரும் தமக்கு விளங்காத பக்கங்களின் அடியில் அதே பெருவிரலைத் திரையில் வைக்கின்றனர்; படித்துக் காட்டுவார் எவருமிலர். மை போயிற்று, கைந்நாட்டு போகவில்லை.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்க. ஒப்பந்தச் சட்டம் என வழங்கும் இந்திய உடன்படிக்கைச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றுக்கொள்வதே ஒப்புதல் என்று அதன் 13-ஆம் பிரிவு வரையறுக்கின்றது. கருவி மாறியபோதெல்லாம் இவ்வரையறையை அறமன்றங்கள் புதிய கருவிக்குப் பொருத்தி வந்துள்ளன. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வணிகம் பற்றிய வழக்கொன்றில், அகமதாபாத்திலிருந்தும் காம்காவிலிருந்தும் தொலைபேசியில் பேசிய இருவரின் உடன்படிக்கை எவ்வூரில் உருவாயிற்று என்னும் வினா எழுந்தது. ஏற்புச்சொல் எங்குக் காதில் விழுந்ததோ அங்கு என, இந்திய ஒன்றியத் தலைமை அறமன்றம் 1965-இல் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. எவ்வூர் என்பது சிறிய வினாவன்று. எம்மன்றத்தில் வழக்கிடுவது என்பதை அதுவே முடிவுசெய்தது.

தொலைபேசிக்குப் பின் கணிப்பொறி வந்தது. ஒன்றிய நாடுகள் அவையின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996-இல் மின்வணிகத்திற்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதனைத் தழுவி இந்திய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இயற்றியது. 2008-இல் அதனைத் திருத்தியபோது சேர்த்த 10அ பிரிவு, மின்வழி உருவானது என்னும் கரணியம் ஒன்றே பற்றி உடன்படிக்கையைச் செல்லாதெனத் தள்ளலாகாது என்றது.

அச்சட்டம் ஏற்கும் மின்னொப்பத்தின் அமைப்பும் அறியத்தக்கதே. ஒப்பமிடுவோர்க்கு இரு திறவுகள் உண்டு. ஒன்று அவரிடமே மறைவாய் இருப்பது, மற்றொன்று எல்லார்க்கும் வெளிப்படையாய் இருப்பது. ஆவணம் முழுதும் ஓர் எண்கோவையாகச் சுருக்கப்பட்டு மறைதிறவால் ஒப்பமிடப்படும். வெளித்திறவால் எவரும் அதனைச் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. வெளித்திறவு இன்னாருடையது என்று சான்றளிக்க, அரசின் கண்காணிப்பில் உரிமம் பெற்ற சான்றமைப்புகள் உள்ளன. வெண்ணெய்நல்லூர் அவையார் காப்பிலிருந்த ஓலையோடு ஒத்துப் பார்த்த வேலையை இன்று எண்கள் செய்கின்றன. ஆயின், செயலிகளில் நாள்தோறும் நடக்கும் உடன்படிக்கைகளில் பெரும்பாலன இத்தகைய ஒப்பமும் இன்றி வெறுந் தொடுகையாலேயே முடிகின்றன. இன்னார் தொட்டார், இன்ன ஆவணம் மாறவில்லை என்பவற்றைப் பொறி சொல்லும். தொட்டவர்க்குப் பொருள் விளங்கிற்றா என்பதை எப்பொறியும் சொல்லாது.

பொறியின் தொடுகைக்கு அப்பால் உள்ளத்தைப் பார்த்த தீர்ப்பொன்று சிங்கப்பூரில் உண்டு. 2003 சனவரியில் இணையக்கடை ஒன்று 3,854 வெள்ளி விலையுடைய அச்சுப்பொறியைத் தவறுதலாக 66 வெள்ளி எனக் காட்டிற்று. அறுவர் சேர்ந்து 1,606 பொறிகள் வேண்டினர். கடையின் கணிப்பொறி தானே ஏற்புமடலும் அனுப்பிவிட்டது. ஆயினும், விலை தவறென அறிந்தே அவர்கள் வேண்டினராகலின் உடன்படிக்கை செல்லாதென உயர்மன்றம் 2004-இல் கூறியது. மேன்முறையீட்டு மன்றம் 2005-இல் அதனை உறுதிசெய்தது. விற்றவர் தவறி ஒப்பியபோது அவர்தம் உள்ளத்தைத் தேடிச் சென்ற அறம், வாங்குவோர் விளங்காது ஒப்பும் இடத்திலும் அவர்தம் உள்ளத்தைத் தேட வேண்டுமன்றோ?

'வணிகத்தின் மொழி ஆங்கிலம். அதற்கு என் செய்வது?' என்பார் உளர். கடன் கொள்ளுமாறு கூவி அழைக்கும் விளம்பரம் தமிழில் வருகின்றது. தவணை தவறினால் தொலைபேசியில் அதட்டும் குரலும் தமிழிலேயே வருகின்றது. இடையில் உள்ள உடன்படிக்கை மட்டும் ஆங்கிலத்தில் இருப்பது மொழியின் இயலாமையால் அன்று. ஆவணம், ஈடு, பிணை, ஒற்றி, முதல், வட்டி, பற்று, வரவு, தண்டம் என வணிகச் சொற்கள் நிறைந்த மொழிக்குச் சொற்பஞ்சம் என்று எவர் கூறவியலும்?

இவ்வேண்டுகை புதுமையும் அன்று. இரிசர்வு வங்கி எனப்பெறும் நடுவண் வைப்பகம் 2024 ஏப்பிரலில் விடுத்த சுற்றறிக்கை, கடனின் வட்டியும் பிற கட்டணங்களும் அடங்கிய குறிப்புத்தாளைக் கடன் கொள்வோர்க்கு விளங்கும் மொழியில் தரவேண்டும் என்றும், விளக்கிச் சொல்லி ஒப்புகை பெறவேண்டும் என்றும் கட்டளையிட்டுள்ளது. இது கடன் கொள்வோர் கேட்டுப் பெறத்தக்க உரிமை. கேளாதார்க்கு ஏட்டளவிலேயே நின்றுவிடும். 2023-ஆம் ஆண்டின் தனியாள் தரவுக் காப்புச் சட்டமோ, ஒருவரின் தரவைக் கொள்ள ஒப்புதல் கேட்கும்போது, அவ்வேண்டுகோளை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கின்றது. அதன் நெறிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து பதினெட்டுத் திங்கள் கழிந்தபின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஒருவர் தம் பெயரையும் எண்ணையும் தருதற்கே அவர் மொழியில் கேட்கவேண்டுமாயின், அவர்தம் உழைப்பையும் பொருளையும் பிணைக்கும் உடன்படிக்கைக்கு அது வேண்டா என்பது என்ன முறை?

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நெறிகள், வாங்குவோர்க்காகக் கட்டத்தில் முன்னரே குறியிட்டு வைத்து ஒப்புதல் பெற்றதாகக் காட்டலாகாது என்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புச் சட்டம், நுகர்வோர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிட வழிசெய்துள்ளது. இவை நல்லனவே. ஆயின், முறையற்ற உடன்படிக்கை என்று முறையிட வேண்டுமாயின் மாநில ஆணையத்திற்கோ அதற்கு மேலோ செல்லவேண்டும். மாவட்ட ஆணையத்திற்கு அவ்வுரிமை இல்லை. வணிகத்திற்காக வாங்குவோர், தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்வோர் நீங்கலாக, நுகர்வோர் என்னும் வரையறைக்குள் வாரார். நாலு ஆளை வைத்து நெய்யும் சிறு முதலாளி இணையக்களம் ஒன்றோடு பொருதும்போது, உடன்படிக்கையில் எழுதிய தொலைநகர் மன்றத்தையே தேடி அலைய நேரும்.

ஆகலின் வேண்டப்படுவன மூன்று. தமிழ்நாட்டு மக்களோடு மின்வழி உடன்படிக்கை செய்யும் எந்நிறுவனமும், ஒப்புதல் பெறுமுன் அதன் தமிழ்ப்படியைத் திரையில் காட்டி, ஒரு படியை ஒப்பியவர்க்கே அனுப்புதல் வேண்டும். தமிழ்ப்படியும் ஆங்கிலப்படியும் முரணுமாயின், எழுதியவர்க்கு எதிராகப் பொருள்கொள்ளும் பழைய சட்டநெறிப்படி, எழுதாதவர்க்குச் சார்பான பொருளே செல்லுதல் வேண்டும். முறையற்ற உடன்படிக்கையை ஆராயும் உரிமை மாவட்ட ஆணையங்களுக்கும் வருதல் வேண்டும். சிறு வணிகர்க்கும் அவற்றின் கதவு திறத்தல் வேண்டும்.

உடன்படிக்கை என்பது அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப் பொதுப்பட்டியலில் 7-ஆம் இடத்தில் உள்ளது. முதலிரண்டு வேண்டுகைகளுக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம். அது ஒன்றியச் சட்டத்தோடு முரணுமாயின், 254-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று நிலைநிறுத்தலாம். மூன்றாவதற்கு ஒன்றியச் சட்டம் திருத்தப்பட வேண்டும். அதனை நாடாளுமன்ற உறுப்பினர்கள் வற்புறுத்துதல் வேண்டும்.

சட்டம் வரும் வரையில் தமிழர் வாளாவிருத்தலும் தகாது. கடன் தருவோரிடம் தமிழில் குறிப்புத்தாள் கேட்க. கிடையாதேல் எழுத்தால் முறையிடுக. விளங்காத பக்கத்தின் அடியில் விரலை வையாதிருக்க. வாங்குவோர் வாயடைத்திருக்கும் வரையில் விற்போர்க்கு மொழிபெயர்க்கும் தேவை தோன்றாது. நூறு பேர் கேட்டால் அது வேண்டுகோள். ஊரே கேட்டால் அது வணிக வழக்கம். வழக்கமே பின்னர்ச் சட்டமாகும்.