நரகத்தின் வக்கீல்கள்

2024 ஜனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் போப் பிரான்சிஸிடம் நரகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இது சபையின் கோட்பாடு இல்லை, என் சொந்த நினைப்பு என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு, நரகம் காலியாக இருப்பதாக எண்ணிப் பார்க்கத் தமக்குப் பிடிக்கும் என்றார் அவர். அவ்வளவுதான். கத்தோலிக்கப் பழமைவாதிகள் பதறினார்கள். போப் சொல்வதை மற்ற நாட்களில் காதில் போட்டுக்கொள்ளாத பிராட்டஸ்டன்ட் பிரசங்கிமாரும் சேர்ந்து பதறினார்கள். குற்றச்சாட்டு வழக்கமானதுதான். நரகத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற இந்தக் காலத்து மேல்நாட்டார் இறக்கிவிட்ட புதுச் சரக்காம் இது. அப்போஸ்தலர் காலம் முதல் திருச்சபை முழுவதும் நித்திய அக்கினியை ஒருமனதாக நம்பி வந்திருக்கிறதாம். எல்லாரும் கடைசியில் இரட்சிக்கப்படுவார்கள் என்று சொல்கிறவர் பாவத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவராம்.

நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் இந்த எண்ணம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகவே நடமாடுகிறது. இன்றிரவு மரித்தால் எங்கே போவாய் என்று ஒலிபெருக்கியில் அதட்டுகிறவருக்கு, அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்ன பரிசுத்தவான்களும் உண்டென்பது தெரியாது. தெரிந்திருந்தால் மறைக்கிறார்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலும் செசரியாவிலும் வேதம் போதித்த ஓரிகன், கடவுளைவிட்டு விலகிய ஆன்மாக்கள் எத்தனை யுகமானாலும் தண்டனையின் வழியே திருந்தி அவரிடம் திரும்பும் என்று எதிர்பார்த்தார். சொகுசாக உட்கார்ந்து எழுதியவர் இல்லை அவர். தகப்பனை விசுவாசத்துக்காகப் பறிகொடுத்தவர். தேசியஸ் பேரரசன் காலத்து உபத்திரவத்தில் தாமே சிறையில் வதைபட்டு, அதிலிருந்து தேறாமல் சில ஆண்டுகளில் இறந்தவர். பாவத்தை லேசாக எடுத்துக்கொண்டார் என்று இவரைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஓரிகனைச் சபை தள்ளிவிட்டதே என்பார்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன் நிசாவின் கிரெகோரியைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் நரகத்தின் வக்கீல்கள் அவரைப் பார்க்காமல் தாண்டிப் போவதில் கெட்டிக்காரர்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவில் ஆயராக இருந்தவர். பெரிய பசிலியின் தம்பி. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தில் முக்கியமானவர்களில் ஒருவர். அந்த ஆண்டே தியோடோசியஸ் பேரரசர், எந்தெந்த ஆயர்களோடு ஐக்கியமாக இருப்பவர்கள் சரியான விசுவாசிகள் என்று பெயர் குறித்து ஆணை பிறப்பித்தார். அந்தப் பெயர்களில் கிரெகோரியும் உண்டு. நேர்மையான விசுவாசத்துக்கு அளவுகோலாகவே வைக்கப்பட்ட மனிதர்.

அவர் எழுதியது என்ன? சாகக் கிடக்கும் தமக்கை மக்ரீனாவோடு தாம் நடத்திய உரையாடலாக ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றி ஒரு நூல். அதில் ஆசிரியர் தமக்கைதான். கிரெகோரி கேள்வி கேட்கும் மாணவர். தண்டனை என்பது பழிவாங்கல் இல்லை, கசடு கலந்த பொன்னை நெருப்பிலிட்டுக் கசட்டை மட்டும் எரிப்பது என்கிறார் மக்ரீனா. எவனிடம் தீமை எவ்வளவு ஊறியிருக்கிறதோ அவ்வளவுக்கு வேதனை. தீமை தீர்ந்தால் வேதனையும் தீரும். கடைசியில் தீமைக்கு ஒதுங்க இடமே இராது, கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பார். இந்தத் தமக்கையும் தம்பியும் கிழக்கிலும் மேற்கிலும் இன்றுவரை புனிதர்கள். யாரும் அவர்களைச் சபித்ததில்லை.

இதில் மிருது எங்கே இருக்கிறது? வழக்கமான பிரசங்கத்தின்படி, வாழ்நாள் முழுவதும் அயலானை ஏய்த்தவன் சாவதற்கு அரைமணி முன் ஒரு ஜெபம் சொன்னால் போதும், நெருப்பைத் தொடாமலே போய்விடலாம். கிரெகோரியின் நெருப்பில் அப்படித் தப்ப வழியில்லை. உள்ளே இருக்கும் பொய் முழுவதும் எரிந்தாக வேண்டும். இரண்டில் எது பாவத்தை லேசாக எடுத்துக்கொள்கிறது என்று நிதானமாக யோசிக்கலாம்.

381 சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்கிறது. அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்கிறது. முடிவில்லாத நரகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போஸ்தலர் பிரமாணத்திலும் இல்லை. அத்தனாசியுவின் பெயரைத் தாங்கி, ஆனால் அவர் எழுதாமல், பிற்காலத்தில் லத்தீனில் பிறந்த பிரமாணத்தில்தான் நித்திய அக்கினி வருகிறது. திருச்சபையின் ஒருமனம் என்று சொல்லப்படுவதன் நிலைமை இது.

அகஸ்டினே சாட்சி. நித்திய தண்டனைக்காக அவரைப்போல வாதாடியவர் யாருமில்லை. மேற்குலகம் பின்னால் நம்பியதெல்லாம் பெரும்பாலும் அவர் நம்பியதுதான். ஆனால் அவரே தமது கையேட்டு நூலில், தண்டனை முடிவில்லாதது என்பதை மனிதப் பரிவினால் ஏற்க மறுப்போர் மிகப் பலர் என்று ஒப்புக்கொள்கிறார். கடவுளின் நகரம் நூலிலும் இந்த இரக்கக்காரர்களோடு அவர் விவாதிப்பது சபைக்குள்ளே இருக்கும் சகோதரரோடு விவாதிக்கும் தொனியில்தான். புறச்சமயத்தாரென்று துரத்தவில்லை.

பிறகு வந்தவர் ஜஸ்டினியன். ஆயர் அல்ல, பேரரசர். 543இல் அவர் ஓரிகனுக்கு எதிராக ஆணை வெளியிட்டார். 553இல் அவர் கூட்டிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு மேலும் 15 கண்டனங்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஓரிகன் செத்து அப்போது ஏறக்குறைய 300 ஆண்டு. அந்தக் கண்டனங்கள் சங்கத்தின் முறையான தீர்மானமா, சங்கம் தொடங்குமுன் ஆயர்களிடம் வாங்கிக்கொண்ட ஒப்புதலா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. அவை தாக்குவதும் உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்ற கதையோடு பின்னப்பட்ட மீட்பைத்தான். கிரெகோரி அந்தக் கதையை ஏற்றவரல்ல. அவர் பெயர் கண்டிக்கப்பட்டோர் பட்டியலில் இல்லை. ஒரு பேரரசின் ஒழுங்குக்கு எது வசதி என்று அரண்மனை எடுத்த முடிவை, அப்போஸ்தலர் கையளித்தது என்று நம்மிடம் விற்றிருக்கிறார்கள்.

ஜஸ்டினியனின் கை எட்டாத இடத்தில் என்ன நடந்தது? ஏழாம் நூற்றாண்டில், இன்றைய கத்தார்ப் பகுதியில் பிறந்து சில மாதங்களே நினிவேயின் ஆயராக இருந்துவிட்டு மலைக்குப் போன ஈசாக்கு என்ற துறவி, முடிவில்லாத வதைக்காகக் கடவுள் யாரையும் படைத்திருப்பார் என்பதை அடியோடு மறுத்து சிரியாக் மொழியில் எழுதினார். அந்த எழுத்து நெடுங்காலம் காணாமல் கிடந்தது. 1983இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் சிரியாக் அறிஞர் செபாஸ்டியன் பிராக் அதன் கையெழுத்துப் பிரதியை அடையாளம் கண்டார். ஈசாக்கின் சபை அந்நியமான ஒன்றல்ல. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு ஆயர்களைப் பெற்றுக்கொண்ட அதே கிழக்குச் சிரியாக் சபை. ஐரோப்பிய மிஷனரி கால் வைக்குமுன்பே இந்த மண்ணுக்கு உறவான நம்பிக்கையை மேல்நாட்டுப் புதுச் சரக்கு என்பது வேடிக்கை.

ஓரிகனையும் இந்த இடத்தில் சும்மா விடக்கூடாது. தண்டனைக்குப் பின்னால் என்ன என்பதைப் பொதுமக்களுக்கு விளக்குவது உசிதமல்ல, நரக பயம் இருந்தும்கூட அவர்களை அடக்குவது பாடாயிருக்கிறது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கு நம்பிக்கை, பாமரருக்குப் பயம். இந்த மேட்டிமைதான் பின்னால் எல்லாரும் எடுத்துக்கொண்ட ஆயுதம். நித்திய நரகம் உண்மையா என்று கேட்டால், அது இல்லாவிட்டால் ஒழுக்கம் என்னாகும் என்று பதில் வரும். கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

இந்தப் பயத்தைக் காவலுக்கு வைத்த கதை நீளமானது. இங்கிலாந்துத் திருச்சபை 1553இல் இயற்றிய 42 விசுவாசப் பிரிவுகளில் கடைசிப் பிரிவு, எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்ற எண்ணத்தைக் கண்டித்தது. பத்தே ஆண்டில், 1563இல், அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இன்றும் 39 பிரிவுகளில் அது கிடையாது. ஆனாலும் 1853இல் எஃப். டி. மாரிஸ், நித்திய தண்டனை பற்றி எழுதியதற்காக லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தார். 1864இல் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், தண்டனைக்கு ஒருநாள் முடிவு வரலாம் என்று நம்புவது சபைச் சட்டத்துக்கு விரோதமல்ல என்று தீர்த்தபோது, சுமார் 11,000 குருமார் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1828இல் ஒரு தீர்ப்பு: மரணத்துக்குப் பின் தண்டனை உண்டென்று நம்பாதவர், கடவுளை நம்பினாலும், சாட்சிக்கூண்டில் ஏறத் தகுதியற்றவர். நரகத்தை முழுமனதோடு நம்பியவர்கள் அதே நாட்டில் அதே ஆண்டில் மனிதர்களை ஏலம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பயம் அவர்கள் கையைப் பிடித்ததாகத் தெரியவில்லை.

கொஞ்சம் படித்த வக்கீல்கள் வேறு வாதம் வைத்திருக்கிறார்கள்: கடவுள் யாரையும் வற்புறுத்தமாட்டார், நரகத்தின் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது என்று எழுத்தாளர் சி. எஸ். லூயிஸைத் துணைக்கு அழைப்பார்கள். லூயிஸ் தம் குருவென்று கொண்டாடிய ஜார்ஜ் மெக்டொனால்ட் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். வாதத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதனின் சுதந்திரம் அவ்வளவு புனிதமானதென்றால், மரணத்தோடு அது ஏன் பறிபோகிறது? மனந்திரும்ப நினைப்பவனுக்கு மறுமையில் ஏன் வாசல் இல்லை? இவர்கள் காப்பது சுதந்திரத்தை அல்ல, கெடு தேதியை.

மத்தேயு 25 இருக்கிறது, மறைக்க முடியாது. செம்மறிகள் ஒருபுறம், வெள்ளாடுகள் மறுபுறம், நித்திய ஆக்கினை. அதே வேதத்தில் ரோமர் 5, 11, முதலாம் கொரிந்தியர் 15, கொலோசெயர் 1 ஆகியவையும் இருக்கின்றன. ஆதாமில் எல்லாரும் சாவதுபோலவே கிறிஸ்துவில் எல்லாரும் என்கிறார் பவுல். ஒரு தரப்பு மத்தேயுவை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு பவுலைச் சுருக்குகிறது, இன்னொரு தரப்பு பவுலை விரித்து மத்தேயுவை விளக்குகிறது. இரு பக்கமும் இதைச் செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் வேதத்தை நம்புகிறது என்று சொல்லக்கூடாது. அது போக, அந்த வெள்ளாடுகள் யார்? ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்று அங்கே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள், சிறையிலிருப்பவனைப் பார்க்கப் போகாதவர்கள். அதிகாரத்தின் கடைசி வசனத்தை முழங்குகிறவர்கள் நடுவிலுள்ளதை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

எல்லாரும் கரையேறுவார்கள் என்றால் ஊழியம் எதற்கு என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் உழைத்த பிரான்சிஸ் சவேரியார் 1549 முதல் 1551 வரை ஜப்பானில் இருந்தார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி சொல்கிறார். ஜப்பானில் புதிதாக விசுவாசிகளானவர்கள், இறந்துபோன தங்கள் தாய் தகப்பனையும் முன்னோரையும் நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா, ஜெபமோ தானமோ செய்தால் ஆகாதா என்று கேட்டார்களாம். ஒன்றும் ஆகாது என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். அந்தக் கண்ணீர் தம்மையும் வாட்டியதாக அவர் எழுதுகிறார், பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. முன்னோரை இழக்கும் விலைக்குத்தான் கிறிஸ்து கிடைப்பார் என்று சொல்லும் செய்தியை நற்செய்தி என்று எப்படி அழைப்பது? தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களிடையே ஊழியம் செய்த ஆயர் கொலென்சோ இந்த நெருக்கடியை உணர்ந்தவர். 1861இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில் நித்திய தண்டனையைக் கைவிட்டார். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் அதுவும் ஒன்றானது. பிரசங்கத்தை அவர் விடவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்து பின்னால் கோயம்புத்தூர் ஆயரான ஏ. ஜே. அப்பாசாமி, ஆங்கிலேய இறையியலாளர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து சாது சுந்தர் சிங்கைப் பற்றி 1921இல் வெளியிட்ட நூலைப் படித்தால், மரித்தவர்களுக்கும் நம்பிக்கை உண்டென்று சாது பேசியிருப்பது தெரியும். சாதுவைவிட அதிகம் நடந்து ஊழியம் செய்தவர் நம்மில் யார்?

ஞாயிறுதோறும் அப்போஸ்தலர் பிரமாணத்தில், கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று சொல்கிறோம். வேடிக்கை பார்க்கவா இறங்கினார்? மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டதென்று பேதுருவின் முதல் நிருபத்தில் இருக்கிறது. சவேரியார் அந்த அழுதவர்களுக்கு அதைத் திறந்து வாசித்துக் காட்டியிருக்கலாம்.