பற்றரி செல்லில் நேரடியாக ஈயம் வைக்க விடாதீர்கள்

கண்காட்சிக்கு ரோபோ, ரிமோட் கார் என்று நம்ம பிள்ளைகள் பழைய லெப்டொப் பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் 18650 செல்களை எடுத்துச் சோல்டர் பண்ணுகிறார்கள். அந்த ஆர்வத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால், சூடான அயனைச் செல்லின் மேல் நேரடியாக வைக்க எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது.

அயனின் முனை 350 பாகை வரை சுடும். லிதியம் செல்லுக்குள் நேர், மறை இரண்டையும் பிரித்து வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளோ சுமார் 130 பாகையிலேயே உருகக்கூடியது. அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகொரு நாள் சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கலாம்.

நிக்கல் பட்டி ஒட்டிய புதுச் செல்லை வாங்கிக் கொடுங்கள். ஈயத்தைப் பட்டியின் நுனியில் வைக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்பொட் வெல்டிங் செய்யும் கடையில் கொடுங்கள். வயர்களை ஒவ்வொன்றாக வெட்டச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரிக்கோலே ஷோர்ட் ஆக்கிவிடும்.

லிதியத்துக்குரிய சார்ஜர்தான் வேண்டும். சாதாரண செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. கட்டிலில் வேண்டாம், சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். ஊதிய பற்றரியைக் குத்தவும் வேண்டாம், மீண்டும் சார்ஜ் போடவும் வேண்டாம்.

சக ஆசிரியர்களே, கண்காட்சியில் புள்ளி போடும்போது ரோபோ ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பற்றரியை எப்படி இணைத்தாய் என்றும் கேளுங்கள். நாம் கேட்டால்தான் பிள்ளை அதைக் கவனிக்கும்.