திட்டிக் கொண்டே டிக்கெட் வாங்கிய ரசிகர்கள்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ஹாலிவுட் பகுதியில் 'சைனீஸ் தியேட்டர்' என்று ஒரு பழம்பெரும் சினிமா தியேட்டர். 1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதன் வாசலில் சிலர் படுக்கையும் நாற்காலியுமாக வந்து உட்கார்ந்து விட்டார்கள்.

படம் ரிலீஸ் மே மாதம் 19-ந் தேதி. அதாவது இன்னும் ஆறு வாரம்!

முறை வைத்துக் கொண்டு இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். வெட்டியாகக் கிடக்கவில்லை. நோயில் வாடும் குழந்தைகளுக்காக நிதியும் திரட்டினார்கள். பிளாட்பாரத்தில் படுத்துக் கொண்டே தர்ம காரியம்!

அப்படி என்ன படம்? 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் புதுப் படம். பெயர் 'தி பாண்டம் மெனஸ்'. காத்திருந்தவர்கள் பட்ட ஏமாற்றமும், அதை அவர்கள் யார் மீது காட்டினார்கள் என்பதும் தான் இங்கே விஷயம்.

16 ஆண்டுப் பசி

'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977-ல் வந்தது. 1980-ல் இரண்டாவது, 1983-ல் மூன்றாவது. விண்வெளியில் ராஜா ராணி கதை. ஒளி வாள் சண்டை, மாய சக்தி, கறுப்பு முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடர். அந்த வில்லன் தான் கதாநாயகனின் அப்பா என்று இரண்டாவது படத்தில் போட்டு உடைத்தார்களே, அதைக் கேட்டு உலகமே வாய் பிளந்தது.

மூன்றோடு கதை முடிந்தது. ஆனால் ரசிகனின் மனசு முடிக்கவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தவன் எப்படி இந்த ராட்சசன் ஆனான்? இந்தக் கேள்விக்கு 16 வருஷம் ஒவ்வொருவனும் தன் தலைக்குள்ளேயே ஒரு படம் எடுத்து ஓட்டிக் கொண்டிருந்தான். செலவே இல்லாத படம். குறையும் இல்லாத படம். அதோடு எந்த டைரக்டர் போட்டி போட முடியும்?

அந்த முன்கதையை எடுக்கப் போகிறேன் என்று படைப்பாளி ஜார்ஜ் லூகாஸ் அறிவித்தார். வந்தது வெறி!

1998 நவம்பரில் புதுப் படத்தின் டிரெய்லர் வெளியானது. வேறு படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு முழுக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, டிரெய்லர் முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. இரண்டு நிமிஷத்துக்கு முழு டிக்கெட்! தியேட்டர்காரருக்குக் கசக்குமா?

ரிலீஸ் நாளன்று 22 லட்சம் பேர் வேலைக்கு மட்டம் போடுவார்கள் என்று அங்கே ஓர் ஆலோசனைக் கம்பெனி கணக்குப் போட்டது. சில முதலாளிகள் 'எப்படியும் வரப் போவதில்லை' என்று தாங்களே லீவு விட்டு விட்டார்கள். (குமாஸ்தாக்கள் பெருமூச்சு விட வேண்டாம். அங்கேயும் இது ஒரு நாள் கூத்து தான்.)

வரித் தகராறு!

விளக்கு அணைந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. திரையில் மஞ்சள் எழுத்துகள் ஓடின. படித்தால்... வியாபார மார்க்கங்களுக்கு வரி போட்டதில் தகராறாம்!

என்னய்யா இது? வரித் தகராறு பார்க்கவா ஆறு வாரம் தெருவில் படுத்தோம்?

அது ஆரம்பம் தான். பழைய படங்களில் 'போர்ஸ்' என்ற மாய சக்தி, பயிற்சியாலும் மன அடக்கத்தாலும் கைகூடுவதாகக் காட்டி இருந்தார்கள். புதுப் படத்தில் ரத்தம் எடுத்து சோதனை செய்து, 'இவனுக்கு இத்தனை இருக்கிறது' என்று எண்ணிச் சொல்லி விட்டார்கள். சாமி கும்பிடப் போன இடத்தில் லேபரட்டரி சீட்டைக் கையில் கொடுத்த மாதிரி ஆகி விட்டது.

போதாக்குறைக்கு ஜார் ஜார் பிங்க்ஸ் என்று ஒரு விகடகவி. நீண்ட காது, கோணல் நடை, கொச்சைப் பேச்சு. தடுக்கி விழுவதே வேலை. கம்ப்யூட்டரில் உருவாக்கிய பாத்திரம். குழந்தைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது. பறக்கும் வண்டிப் பந்தயமும், இரட்டை முனை ஒளி வாளோடு நடக்கும் கடைசிச் சண்டையும், ஜான் வில்லியம்சின் இசையும் இன்றைக்கும் சிலிர்க்க வைப்பவை. மற்ற நேரத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து சட்டசபை மாதிரி பேசிக் கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தவர்களில் பலர், "பிரமாதம்" என்று தான் சொன்னார்கள். ஆறு வாரம் காத்திருந்தவன் வேறு என்ன சொல்வான்? தப்பு நம்மிடம் தான் இருக்க வேண்டும், கவனித்துப் பார்க்கவில்லை என்று மறுபடியும் டிக்கெட் எடுத்தார்கள். மூன்றாவது முறையும் போனார்கள். அப்புறம் தான் மெல்ல ஒப்புக் கொண்டார்கள்: "ஏமாந்து விட்டோம்!"

ஒப்புக் கொள்வதற்குள் கல்லா நிறைந்து விட்டது. 11 கோடியே 50 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் 43 கோடி டாலர் வசூல். உலகம் முழுக்க 92 கோடி. அந்த ஆண்டின் முதல் இடம்! 2002-ல் வந்த அடுத்த பாகம் கொஞ்சம் சறுக்கியது. அப்படியும் அமெரிக்காவில் 30 கோடி டாலருக்கு மேல். 2005-ல் வந்த மூன்றாவது பாகம் 'ரிவெஞ்ச் ஆப் தி சித்' மூன்றிலும் தேவலை என்று பெயர் வாங்கி, 38 கோடி டாலரோடு மறுபடி முதல் இடம்.

2005-லும் அதே சைனீஸ் தியேட்டர் வாசலில் கியூ நின்றது. படம் அங்கே இல்லை, வேறு தியேட்டரில் என்று தெரிந்த பிறகும் கியூ கலையவில்லை! இதை என்னவென்று சொல்வது?

'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இல்லை

கோளாறு எங்கே? ரசிகர்கள் கொண்டாடும் 1980 படத்தை டைரக்டு செய்தவர் லூகாஸ் அல்ல. இர்வின் கெர்ஷ்னர். திரைக்கதை எழுதியவர்களும் வேறு இருவர். 1983 படத்துக்கும் டைரக்டர் வேறு ஆள். 1977-க்குப் பிறகு 22 வருஷம் லூகாஸ் டைரக்டர் நாற்காலியிலேயே உட்காரவில்லை.

1999-ல் பணம் அவருடையது, கம்பெனி அவருடையது, கதை வசனமும் டைரக்ஷனும் அவருடையது. 'அய்யா, இந்த சீன் வேண்டாமே' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. முதலாளி சொன்னால் சரி தான். கடை நடத்துகிறவர்களுக்கு இந்த வியாதி தெரியும்.

'இது சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த படம்' என்பது லூகாஸ் பலமுறை சொன்ன பதில். அப்போது இது சமாளிப்பு மாதிரி தான் பட்டது. இதில் உண்மை இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

கத்தரிக்கோல் எடுத்தார்கள்

வயிற்றெரிச்சல் தாங்காத ஓர் எடிட்டர் தாமே கத்தரிக்கோலை எடுத்தார். ஜார் ஜார் சேட்டைகளையும் வளவளப் பேச்சையும் வெட்டி, சுமார் இருபது நிமிஷத்தைக் குறைத்தார். அது 'பாண்டம் எடிட்' என்ற பெயரில் 2001-ல் வீடியோ கேசட்டில் கைமாறியது. 'அசலை விட நகல் தேவலை' என்று பேச்சு கிளம்பியது. லூகாஸ் கம்பெனி முகம் சுளித்தது.

2011-ல் இன்னொரு ரசிகர் வேறு வழி கண்டுபிடித்தார். பழைய படம் இரண்டைப் பார். பிறகு முன்கதையில் இரண்டாவது, மூன்றாவது பாகங்களைப் பார். அப்புறம் பழைய கடைசிப் படத்தைப் பார். 'பாண்டம் மெனஸ்' பக்கமே போகாதே! முழுசாக ஒரு படத்தைத் தூக்கி எறிந்தும் கதை அப்படியே நிற்கிறது. இதற்கு மேல் ஒரு விமர்சனம் வேண்டுமா?

இங்கிலாந்தில் 'ஸ்பேஸ்டு' என்று ஒரு டி.வி. தொடர். அதில் நடிகர் சைமன் பெக்கின் பாத்திரம் தன்னிடம் இருந்த ஸ்டார் வார்ஸ் சாமான்களைத் தீ வைத்துக் கொளுத்தும். ஜார் ஜார் பொம்மை கேட்ட சிறுவன் மீது எரிந்து விழும். பார்த்தவர்கள் சிரித்து உருண்டார்கள்.

அடி யாருக்கு?

இதெல்லாம் தமாஷ். கேசட்டை வெட்டுவதால் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கோபம் அதோடு நிற்கவில்லை.

சின்ன வயசு வேடர் வேடத்தில் நடித்த ஜேக் லாயிடுக்குப் படம் வந்தபோது வயசு 10. கொடுத்த வசனத்தைச் சொன்னான், அவ்வளவு தான். பள்ளிக்கூடத்தில் அவனைக் கண்டாலே மற்ற பிள்ளைகள் ஒளி வாள் சத்தம் எழுப்பிக் கேலி செய்தார்களாம். 2001-ல் நடிப்பை விட்டான். படத்தின் நினைவுப் பொருள்களை எல்லாம் அழித்து விட்டதாக 2012-ல் ஒரு பேட்டியில் சொன்னார்.

ஜார் ஜாராக நடித்தவர் அகமது பெஸ்ட். 'ஸ்டாம்ப்' என்ற மேடை நிகழ்ச்சியில் தாளமும் ஆட்டமுமாக வெளுத்துக் கட்டிய கறுப்பு இளைஞர். அங்கே பார்த்துத் தான் கூப்பிட்டார்கள். இனி வாழ்க்கையே மாறப் போகிறது என்று நம்பினார்.

மாறியது! உலகமே அந்தப் பாத்திரத்தைக் காறித் துப்பியது. கறுப்பர்களைக் கேலி செய்யும் வேஷம் என்று குற்றச்சாட்டு வேறு. அவரே கறுப்பர்! எழுதியவர் லூகாஸ், இயக்கியவர் லூகாஸ். ஆனால் முகம் கூடத் திரையில் தெரியாத ஓர் ஆள் மீது கல் விழுந்தது.

2018 ஜூலையில் பெஸ்ட் ஒரு படம் வெளியிட்டார். நியூயார்க் புரூக்ளின் பாலத்தில் அவரும் அவர் மகனும். அந்த நாட்களில் உயிரை விட்டு விடலாம் என்று நினைத்து வந்து நின்ற இடம் அது என்று எழுதினார். ஏறக்குறைய இருபது வருஷம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்!

படித்த ரசிகர்கள் பலர் தலை குனிந்தார்கள். பொம்மைக் காட்சியில் நடித்த சைமன் பெக், அந்தக் கேலிக்குப் பின்னால் நிஜமான ஒரு மனிதர் காயப்பட்டதை எண்ணி வெட்கப்படுவதாக 2023-ல் பேசினார்.

ஆனால் பாருங்கள், பெஸ்ட் வாய் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, அதே 2018 ஜூனில், புதிய ஸ்டார் வார்ஸ் படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் என்ற நடிகை, வசை தாங்காமல் சமூக வலைத்தளத்தில் தம் பதிவுகளை எல்லாம் அழித்து விட்டிருந்தார். இடையில் 19 வருஷம். கல் எறியும் கை மட்டும் மாறவில்லை.

பொடியன்கள் வளர்ந்தார்கள்

2012-ல் லூகாஸ் தம் கம்பெனியை டிஸ்னிக்கு 405 கோடி டாலருக்கு விற்றார். 2015-லிருந்து 2019-க்குள் கதையின் அடுத்த மூன்று பாகங்கள் வந்தன. அவற்றிலும் பலருக்கு ஏமாற்றம். 'பழைய முதலாளியே தேவலாம்' என்று முன்பு அவரைத் திட்டியவர்களே முணுமுணுத்தார்கள்.

நிஜமான மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1999-ல் ஜார் ஜாரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்த பொடியன்கள் வளர்ந்து ஆளாகி விட்டார்கள். அவர்களுக்கு இது தான் 'பழைய படம்'. அந்தக் கதையின் இடைவெளிகளை நிரப்பிய 'குளோன் வார்ஸ்' கார்ட்டூன் தொடரையும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இளைஞன் வேடராக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனுக்கு அந்தக் காலத்தில் 'மோசமான நடிகர்' என்று இரண்டு முறை கேலிப் பரிசு கொடுத்தார்கள். காதலியிடம் 'மணல் பிடிக்காது' என்கிற அவர் வசனம் ஊர் சிரித்த விஷயம். இன்று அதே ரசிகர்கள் அதை ஆசையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2022-ல் டி.வி. தொடரில் அவர் திரும்பி வந்தபோது உற்சாக வரவேற்பு.

2019-ல் சிகாகோ நகரில் ரசிகர் விழா. மேடை ஏறிய அகமது பெஸ்டைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 2023-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் ஒளி வாள் ஏந்திய வீரனாக வந்து குழந்தையைக் காப்பாற்றும் வேடம் அவருக்கு. இந்த முறை முகம் தெரிந்தது.

2025 ஏப்ரலில் 'ரிவெஞ்ச் ஆப் தி சித்' படத்தை இருபதாம் ஆண்டுக்காக மறுபடி திரையிட்டார்கள். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி டாலர்! புதுப் படங்களுக்கு நடுவே இரண்டாம் இடம். டிக்கெட் வாங்கிய கூட்டத்தில் 1999-ல் தலையில் அடித்துக் கொண்டவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். கேட்டால், "நாங்கள் எப்போதய்யா திட்டினோம்?" என்பார்கள்!