முன்வாசல் வழியே ஒரு முறை



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எங்கே போவது, எத்தனை பேர் போவது, செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். பேராக் மாநிலத்துக்குப் பயணம் என்றால் ஈப்போவின் குகைக் கோயில்கள் ஒரு பக்கம் அழைக்கும். பத்துகாஜாவுக்கு அருகே குன்றின் மேல் நிற்கும் கெல்லி மாளிகை இன்னொரு பக்கம் அழைக்கும். “கெல்லி காசல்” என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மாளிகையைச் சாலையில் நின்றே பார்க்கலாம். உயர்ந்த கோபுரமும் வளைவு வளைவான சன்னல்களும் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். படம் எடுத்துக்கொள்ளவும் காசு வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஆளுக்கொரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகத்தான் வேண்டுமா?

ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி அன்று. வேன் வாடகை இருக்கிறது. பசியாற, மதியம் சாப்பிட, பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கித் தர என்று வெள்ளி கரைந்துகொண்டே போகும். அதற்கு மேல் ஒரு காலி வீட்டைப் பார்க்கவும் பணமா என்று இல்லத்தரசி கேட்டால், அதில் தவறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை ஒரு மூதாட்டி என் காதுபடவே கேட்டார். சீட்டு விற்கும் இடத்தில் மகன் ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தார். மூதாட்டி ஒதுங்கி நின்றுகொண்டார்.

“எனக்குச் சீட்டு வேணாம்யா. தொர வூடு எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா பாத்த வூடுதானே. நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கனயே குந்திக்கிறேன்.”

“அம்மா, இது வேற தொரம்மா. எப்பவோ இருந்தவரு.”

“எல்லாத் தொரையும் ஒண்ணுதான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால், அந்த அம்மாள் சொன்னதில் இருந்த பொருள் பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருசம் அவர் பார்த்தது துரை பங்களாவின் எந்தப் பக்கத்தை? தூரத்தில் தெரியும் கூரையையும், வேலிக்கு அப்பால் இருக்கும் புல்வெளியையும், ஏதாவது வேலையாகக் கூப்பிட்டு அனுப்பினால் பின்கட்டு வாசலையும்தானே? முன்வாசல் படியை மிதித்தவர்கள் நம் பெரியவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அன்பர்களே, இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மாளிகையின் கதையைக் கேளுங்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். 1870இல் பிறந்தவர். இருபது வயதில், 1890இல், மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். அல்மா பேக்கர் என்பவரிடம் வேலை பார்த்தார். காட்டை அழித்துச் சாலை போடும் குத்தகைகளில் கையில் காசு சேர்ந்தது. கிந்தா வட்டாரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கி ரப்பர் நட்டார். தம் சொந்த ஊரான கெல்லாஸின் பெயரைச் சேர்த்து, ‘கிந்தா கெல்லாஸ்’ என்று தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

முதலில் அவர் கட்டியது ஓரளவு பெரிய வீடு. 1915ஆம் ஆண்டு, ஒரு மகன் பிறந்த பிறகு, அதை ஒட்டியே இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மாடி உயரத்துக்குக் கோபுரம். அதில் மேலும் கீழும் போய்வர ஒரு மின்தூக்கி. விருந்து நடத்த மொட்டைமாடி. மது வகைகளை வைக்க நிலவறை. ஆசைக்கு அளவில்லை. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுவதற்குச் சென்னைப் பக்கத்திலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார் என்று சொல்கிறார்கள்.

நடுவில் வந்தது 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல். ஸ்பானிஷ் காய்ச்சல் என்று உலகமே நடுங்கிய நோய் அது. மலாயாவின் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் மடிந்தார்கள். இங்கு வேலை செய்த நம்மவர்களில் பலரையும் அது கொண்டுபோயிற்று. பிறகு வேலை மெல்ல நடந்தது. 1926இல் ஸ்மித் ஐரோப்பாவுக்குப் போனார். போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மாளிகைக்கான மின்தூக்கியை எடுத்துவரப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் மனைவி தோட்டத்தை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டார். அரைகுறையாய் நின்ற கட்டடத்தைக் காடு மூடிக்கொண்டது.

ஆகவே, உள்ளே போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது யாரும் வாழ்ந்து முடித்த அரண்மனை அன்று. தங்கக் கட்டிலும் பட்டுத் திரைச்சீலையும் கண்ணாடி விளக்குகளும் பார்க்கலாம் என்று போனால் ஏமாந்துதான் வருவீர்கள். பார்வையாளருக்காகப் பின்னாளில் வைத்த பொருள்கள் ஓரிரண்டு கண்ணில் பட்டாலும், அவை அந்தக் குடும்பம் புழங்கியவை அல்ல. பேய் பார்க்கலாம் என்று போகும் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே செத்தவர்களை நினைக்க விரும்பினால், வெளிநாட்டில் செத்த துரையை அந்த வராந்தாவில் தேடாதீர்கள்; அந்த மண்ணிலேயே காய்ச்சலில் செத்த நம் பாட்டன்மாரை நினையுங்கள்.

“அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது?” என்று கேட்பீர்கள்.

செங்கல் இருக்கிறது ஐயா, செங்கல்!

முடித்த வீட்டில் சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும் எல்லாவற்றையும் மூடிவிடும். வீட்டுக்காரரின் பணம்தான் கண்ணுக்குத் தெரியும். முடிக்காத வீட்டிலோ கட்டியவனின் கைதான் தெரியும். சில அறைகளில் மட்டும் சுவர்ப்பூச்சு வேலைப்பாட்டைக் காணலாம். மற்ற இடங்களில் வரிசை வரிசையாக அடுக்கிய செங்கல் அப்படியே வெளியே நிற்கிறது. வளைவுகளை நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாங்கிக்கொண்டு, ஒரு நூறாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. காடு ஏறி மூடியபோதும் விழவில்லை.

கோபுரத்தினுள்ளே மின்தூக்கிக்காக விட்ட வெற்றிடம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள். மின்தூக்கி வரவே இல்லை. ஆனால் அதற்கான இடத்தைத் தூக்கு நூல் பிடித்து நேராகக் கட்டிவைத்தார்கள் நம் கொத்தனார்கள். துரையின் கனவு பாதியில் நின்றது. தொழிலாளியின் வேலை அவன் கைக்கு வந்த மட்டும் சுத்தமாக முடிந்தது. இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிப் புத்தகத்தில் படிப்பார்கள் அவர்கள்?

அந்த மூதாட்டியின் கதையை நான் முடிக்கவில்லை. பேரன் ஓடிப்போய் அவருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டான். “வாங்கினது வீணாப் போகுமே” என்று முனகிக்கொண்டே உள்ளே வந்தார். மாடிக்கு ஏறவில்லை. கீழ்க்கட்டில் ஒரு சுவர் ஓரம் நின்று செங்கல்லைத் தடவிப் பார்த்தார்.

“பூசாமலே வுட்டுட்டாங்களே. இம்மாங் கல்ல குன்னு மேல சொமந்தவன் என்ன பாடு பட்டானோ” என்றார்.

அன்று அங்கு வந்திருந்த கூட்டத்தில் துரையைப் பற்றிப் பேசியவர்கள் நூறு பேர் இருக்கலாம். கல் சுமந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. நோய் கண்டு ஆள்கள் மடிந்தபோது, அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்களாம். துரையும் இசைந்து உதவினாராம். அந்த நன்றிக்காகக் கோயிலின் மேற்புறத்தில் தெய்வச் சிலைகளோடு அவருக்கும் ஒரு சிலை வைத்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நிற்கிறார்.

அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. “தெய்வத்தின் பக்கத்தில் துரையா?” என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நன்றி மறவாமை நம்மவர் பண்பு. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கோயிலுக்கு இசைந்தவரை நம்மவர்கள் சிலையாக வைத்தார்கள். மாளிகையைக் கட்டிய நம்மவர்களின் பெயரை யார் எங்கே வைத்தார்கள்? மாளிகைக்குத் துரையின் பெயர். தோட்டத்துக்குத் துரையின் சொந்த ஊரின் பெயர். மற்றவர்களுக்கு ‘தொழிலாளர்கள்’ என்ற ஒரே பெயர்.

அவர்கள் வந்த காலம் எப்படிப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை நடந்தது. 1928இல் பல வட்டாரங்களுக்கு அரசு வகுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இன்று நாம் ஒரு சீட்டுக்குக் கொடுப்பது அவர்களுக்குப் பல நாள் கூலி. அவர்கள் கட்டிய வீட்டுக்குள் போக நாம் காசு கொடுக்கிறோம் என்பது வேடிக்கைதான். ஆனாலும், நாம் போவது முன்வாசல் வழியாக!

சரி, போவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சில குறிப்புகள் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம்தான். கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் சாலையில் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயிலில் மொட்டைமாடி கொதிக்கும். மைகார்டை மறக்காதீர்கள், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. மின்தூக்கி வராத வீடு ஆதலால் எல்லாம் படிக்கட்டுத்தான். சில இடங்களில் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அவர்களுக்குக் கீழ்க்கட்டே போதும். மாடியில் சிறுவர்களின் கையை விடாதீர்கள். பின்புறம் பழைய வீட்டின் இடிபாடுகளும் உள்ளன. அவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் உள்ள பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே கண்டித்து வையுங்கள். கட்டியவனே தன் பெயரை எழுதாத சுவரில் நாம் யார் எழுத?

முடிந்தால் முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அதன் பிறகு மாளிகைக்கு வாருங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் கண்ணுக்கு மாளிகை வேறு மாதிரித் தெரியும். கையில் காசு குறைவாக இருந்து, எல்லாருக்கும் சீட்டு எடுக்க வசதி இல்லை என்றால் வருந்தாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்றையும், தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரையும் சேர்த்து உள்ளே அனுப்புங்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நடக்கட்டும். மற்றவர்கள் மரநிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்து வையுங்கள்.

தோட்டங்கள் பல கைமாறியும் உருமாறியும் போய்விட்ட காலம் இது. நாம் பிறந்த லயங்களில் பல இடிந்துவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. நம் முன்னோர் கை வைத்த இடம் என்று பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். அவற்றுள் ஒன்று அந்தக் குன்றின் மேல் நிற்கிறது.

ஆதலால் என் முடிவைக் கேட்டால், துரையின் செல்வத்தைப் பார்க்கவென்று சீட்டு வாங்காதீர்கள். அது அங்கே இல்லை. கொத்தனாரின் கைவேலையைப் பார்க்கவென்று வாங்குங்கள். அந்தக் காசு வீண் போகாது.

வெளியே வந்த பிறகு, உங்கள் வீட்டுப் பெரியவரிடம், “நீங்கள் வேலை செய்த தோட்டத்தில் துரை பங்களா எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். வீடு வந்து சேரும் வரை வேனில் வேறு பேச்சு இருக்காது.